திருச்சிக்குப் படங்களோடு ஒரு ஊர் வரலாறு: எங்கே தொடங்குவது, எப்படி அடுக்குவது?

பாலக்கரைப் பையன்:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

நான் பாலக்கரையில் பிறந்து வளர்ந்தவன். அப்பா போன தை மாதம் தவறிவிட்டார். அவர் அறையை ஒழித்துப்போட்டபோது பரணில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா கிடைத்தது. துருப்பிடித்து மூடியே திறக்கவில்லை, ஸ்பூன் காம்பை விட்டு நெம்பித்தான் திறந்தேன். உள்ளே 63 போட்டோக்கள். பாதி எங்கள் குடும்பத்துப் படங்கள். மீதி ஊர். அப்பாவுக்கு யாரோ ஒரு நண்பர் கேமரா வைத்திருந்தாராம், இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் சுற்றிச் சுற்றி எடுத்தார்கள் என்று அம்மா சொல்கிறார். காவிரிக் கரையில் அம்மா மண்டபத்தில் ஆடிப்பெருக்குக் கூட்டம், ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரத்துக்குக் கீழே நிற்கும் ஒரு மாட்டு வண்டி, தெப்பக்குளத்துக் கடைகள், இடுப்பளவு தண்ணீர் ஓடும் ஏதோ ஒரு தெரு.

இதைப் பார்த்துவிட்டு நானும் இரண்டு நண்பர்களும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். திருச்சிக்குப் படங்களோடு ஒரு வரலாற்றுப் புத்தகம், 150 பக்கம் போல. எங்கள் தெருப் பிள்ளைகளும் புரட்டிப் பார்க்க வேண்டும், எங்கள் தாத்தா வயதுக்காரர்களும் உட்கார்ந்து படிக்க வேண்டும். விற்றுச் சம்பாதிக்கும் எண்ணம் இல்லை.

எனக்குத் தெரிய வேண்டியவை: பழைய படங்களுக்கு வருடம் கண்டுபிடிப்பது எப்படி? அப்பாவின் படங்களில் பெரும்பாலானவற்றில் பின்பக்கம் ஒன்றுமே எழுதவில்லை. அப்புறம் அதற்கும் முந்தைய காலத்துக்கு, அதாவது நூறு, நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய திருச்சிக்கு, படம் எங்கே தேடுவது? எல்லாவற்றுக்கும் மேலாக, இதை எப்படி வரிசைப்படுத்துவது? சோழர், பல்லவர், நாயக்கர், ஆற்காட்டு நவாபு, வெள்ளைக்காரன் என்று பள்ளிக்கூடப் பாடம் மாதிரி போனால் எனக்கே சலிப்பாக இருக்கிறது. ஆனால் வேறு வழியும் தோன்றவில்லை.

ஒன்றை வருத்தத்தோடு சொல்லிவிடுகிறேன். முதலில் 20 படங்களை ஒரு கடையில் ஸ்கேன் செய்யக் கொடுத்தேன். அவர்கள் வெள்ளை ஓரத்தையெல்லாம் வெட்டிவிட்டு, பின்பக்கத்தை ஸ்கேன் செய்யாமல், முகங்களை மழமழவென்று ஆக்கிக் கொடுத்துவிட்டார்கள். கடைப் பெயர் இங்கே வேண்டாம். நல்லவேளை, அசல் படங்கள் பத்திரமாக இருக்கின்றன.

ஸ்ரீரங்கவாசி:

தம்பி, அப்பாவுக்கு என் அஞ்சலி. அந்த டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாரே, பெரிய சொத்து அது.

வருடம் கண்டுபிடிப்பதற்கு நான் கையாளும் வழியைச் சொல்கிறேன். படத்தின் நடுவில் இருப்பதைப் பார்க்காதீர்கள், பின்னணியைப் பாருங்கள். திருச்சிப் படத்தில் எங்கேயாவது ஒரு கோபுரமோ பாலமோ எட்டிப் பார்க்காமல் இருக்காது, அதுதான் நமக்குக் காலண்டர். நீங்கள் சொன்ன மொட்டைக் கோபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கு வாசல் ராஜகோபுரம் நூற்றாண்டுக்கணக்கில் அடித்தளத்தோடு நின்று கிடந்தது. 13 நிலையோடு, 236 அடி உயரத்தில் அது முழுதாக எழுந்து குடமுழுக்கு நடந்தது 1987 மார்ச்சில். ஆக அந்த மாட்டு வண்டிப் படம் அதற்கு முந்தையது, சந்தேகமே இல்லை. சவுக்குக் கட்டைகளால் சாரம் கட்டியிருந்தால் அதற்குச் சில வருடங்களுக்குள்ளே வரும். நான் அந்தச் சாரத்தைத் தினமும் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போனவன். ஒவ்வொரு நிலை ஏறும்போதும் எங்கள் தெருவில் அதைப் பற்றியே பேச்சு.

அதேபோல மெயின் கார்டு கேட் பக்கத்திலிருந்து எடுத்த படமாக இருந்தால் லூர்து மாதா கோயிலின் ஊசிக் கோபுரம் தெரிகிறதா என்று பாருங்கள். அது 1890-களில் எழுந்தது. அது இல்லாத மலைக்கோட்டைப் படம் கிடைத்தால் மிகப் பழையது என்று வைத்துக்கொள்ளலாம். காவிரிப் பாலம் தெரிந்தால், இப்போதுள்ள பாலமா அதற்கு முந்தைய பழைய பாலமா என்று பாருங்கள். இப்போதுள்ளது 1976-ல் வந்தது. கொள்ளிடத்து இரும்புப் பாலம் 1928-ல் கட்டியது, 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சாய்ந்து தண்ணீரோடு போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். உங்கள் டப்பாவில் அந்தப் பாலத்தின் படம் ஒன்று இருந்தால், எவ்வளவு மங்கலாக இருந்தாலும், அதைப் புத்தகத்தில் முழுப் பக்கம் போடுங்கள். இனி அதைப் போய்ப் படம் எடுக்க முடியாது.

கோபுரம், பாலம் எதுவும் இல்லையென்றால் சுவர்தான். சினிமா போஸ்டர், தேர்தல் சின்னம், கடைப் பலகை. போஸ்டரில் பாதி தலைப்பு தெரிந்தால்கூடப் போதும், படம் வந்த வருடத்தைப் பிடித்துவிடலாம்.

காக்காப்பொன்:

நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய படம் கேட்டீர்கள். எனக்குப் பிடித்த இடத்துக்கே வந்துவிட்டீர்கள், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

திருச்சியை முதன்முதலில் ஒழுங்காகப் புகைப்படம் எடுத்தவர்களில் முக்கியமானவர் லின்னேயஸ் டிரைப். சென்னை ராணுவத்தில் கேப்டன், மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தார். 1857 கடைசியில் கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று கருவிகளை ஏற்றிக்கொண்டு சுற்றி வந்தார். 1858-ல் திருச்சிக்கு ஒரு தொகுப்பு, ஸ்ரீரங்கத்துக்கு ஒரு தொகுப்பு என்று தனித்தனியாக வெளியானது. இன்றைக்கு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் அருங்காட்சியகங்களிலும் இருக்கும் பிரதிகளை இணையத்திலேயே பார்க்கலாம். புத்தகத்தில் போட வேண்டுமானால் அந்த நிறுவனத்துக்கே எழுதி, பெரிய அளவுக் கோப்பையும் அனுமதியையும் கேட்டு வாங்குங்கள். படத்தின் கீழே எங்கிருந்து வந்தது என்று போட்டுவிடுங்கள்.

அந்தப் படங்களைப் பார்த்தவுடன் ஒரு விஷயம் மனதை உறுத்தும். ஊரில் ஆளே இருக்க மாட்டார்கள். மலை இருக்கும், கோபுரம் இருக்கும், வீதி இருக்கும், மனிதர் ஒருவர்கூட இல்லாமல் ஊர் காலியாகக் கிடக்கும். முதல் முறை பார்த்தபோது ஏதோ பஞ்சத்திலோ கொள்ளைநோயிலோ ஊரைவிட்டுப் போய்விட்டார்களோ என்று நினைத்தேன். காரணம் வேறு. அவர் பயன்படுத்தியது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். அதில் பிம்பம் பதிய ரொம்ப நேரம் எடுக்கும். அவ்வளவு நேரம் அசையாமல் நிற்பது கல்லும் கட்டடமும்தான், நடந்து போகிறவர்கள் பதிய மாட்டார்கள். வானத்து மேகத்தையும் மரத்து இலையையும்கூட நெகட்டிவ் மேலேயே வர்ணம் தொட்டு அவர் சரிசெய்திருக்கிறார். ஆக நாம் அந்தப் படத்தில் பார்க்கும் மேகம் திருச்சி வானத்தில் அன்றைக்கு இருந்த மேகம் என்று சொல்லிவிட முடியாது. படத்தைப் போடும்போது கீழே இதை இரண்டு வரியில் எழுதுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் 1858-ல் திருச்சியில் ஜனமே இல்லை என்று நினைத்துக்கொள்ளும்.

சரி, அந்த ஜனங்கள் எங்கே? அவர்கள் இன்னொரு இடத்தில் இருக்கிறார்கள், என் பெயரைப் பார்த்தே சிலர் ஊகித்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே காலத்தில் திருச்சியின் ஓவியர்கள் காக்காப்பொன் தகட்டில், இப்போது மைக்கா என்கிறோமே, அதில் சின்னச் சின்னப் படங்கள் வரைந்து விற்றார்கள். கண்ணாடி போல ஒளி புகும் தகடு, உள்ளங்கை அளவுதான் இருக்கும். நெசவு செய்கிறவர், தண்ணீர் சுமப்பவர், வண்ணார், பாம்பாட்டி, சாமி ஊர்வலம். வெள்ளைக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது ஞாபகத்துக்கு வாங்கிக்கொண்டு போக வரைந்தவை அவை. அதனால் அதில் ஒரு விற்பனைப் பாங்கு உண்டு, ஒவ்வொரு தொழிலும் சாதியும் ஒரு மாதிரி பொம்மைபோல நிற்கும், அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் கையில் என்ன பிடித்திருக்கிறார், சேலையை எப்படிக் கட்டியிருக்கிறார், குடம் எந்த வடிவம், இதையெல்லாம் திருச்சிக்காரன் கண் பார்த்து வரைந்திருக்கிறது.

என் யோசனை ஒன்றே ஒன்று. உங்கள் புத்தகத்தில் இடதுபக்கம் டிரைப்பின் ஆளில்லாத திருச்சி, வலதுபக்கம் காக்காப்பொன் ஓவியத்தின் ஆட்கள். ஒன்றில் ஊர் இருக்கிறது, மற்றதில் ஜனம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் 1850-களின் திருச்சி நமக்கு ஓரளவாவது பிடிபடும்.

அதற்கும் முன்னால் போக வேண்டுமானால் தாமஸ் டேனியலும் அவர் அண்ணன் மகன் வில்லியமும் 1792-ல் தென்னாட்டுப் பக்கம் வந்து வரைந்த காட்சிகள் இருக்கின்றன, அதில் மலைக்கோட்டை உண்டு. அழகான படம்தான், ஆனால் ஓவியர்கள் மலையை ஒரு பிடி கூடுதலாகவே உயர்த்திவிடுவார்கள். நேரில் போய் நின்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

கோட்டைவாசல்:

வரிசைப்படுத்துவது பற்றி மட்டும் பேசுகிறேன். ராஜவம்ச வரிசை வேண்டவே வேண்டாம். அப்படி எழுதிய புத்தகம் நிறைய இருக்கிறது, எல்லாவற்றிலும் நம் தெரு மட்டும் இருக்காது.

நடந்து போகிற வரிசையில் அடுக்குங்கள். கோட்டைச் சுவர் இருந்த வழியாக.

ஏன் சொல்கிறேன் என்றால், திருச்சியில் ஒரு ஆச்சரியம் இருக்கிறது, தினமும் அதன்மேல் பஸ்ஸில் போகிறோம், கவனிப்பதில்லை. மலையைச் சுற்றி ஊருக்குக் கோட்டை மதிலும் அகழியும் இருந்தன. 1750-களில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும், ஆற்காட்டு நவாபு பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் முகமது அலியும் மோதிக்கொண்டதெல்லாம் இந்தக் கோட்டைக்காகத்தான். 19ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்து அகழியைத் தூர்த்துவிட்டார்கள். தூர்த்த இடத்தில் மரம் வைத்து அகலமான சாலை போட்டார்கள். அந்த மாதிரிச் சாலைக்கு ஆங்கிலத்தில் boulevard, நம் வாயில் புலிவார்டு. அதுதான் மேலப்புலிவார்டு ரோடு, கீழப்புலிவார்டு ரோடு. சின்ன வயதில் அங்கே புலி இருந்தது, அதனால்தான் அந்தப் பெயர் என்று எங்கள் ஆயா சொல்லி நான் நம்பிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு மேல, கீழ என்பதை வெஸ்ட், ஈஸ்ட் என்று ஆக்கி, அதையும் சுருக்கி டபிள்யூ.பி. ரோடு, இ.பி. ரோடு என்கிறோம். வெளியூர்க்காரர்கள் இ.பி. ரோடு என்றால் கரண்ட் பில் கட்டும் இடம் என்று நினைக்கிறார்கள். ஒரு அகழி அப்படியே எழுத்து இரண்டாகச் சுருங்கி ஆட்டோ ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறது.

அதனால் புத்தகத்தின் முதல் படம் மெயின் கார்டு கேட். கோட்டையில் மிச்சம் நிற்கிற வாசல் அதுதான். அங்கே கிளம்பி மேலப்புலிவார்டு ரோட்டில் மரக்கடை வழியாகக் காந்தி மார்க்கெட். அந்த மார்க்கெட் 1868-ல் தொடங்கியது, 1927-ல் விரிவாக்கினார்கள். எதிரே முதல் உலகப்போருக்கு இந்த ஊரிலிருந்து போனவர்களுக்காக நிற்கும் மணிக்கூண்டு. அதைச் சுற்றி எத்தனை பழக்கடை இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், அது எதற்காகக் கட்டியது என்று தெரிந்தவர் குறைவு. பிறகு கீழப்புலிவார்டு ரோடு, வடக்கே பட்டர்வொர்த் ரோடு, சத்திரம், திரும்ப மெயின் கார்டு கேட். ஒரு சுற்று. பொறுமையாக நடந்தால் ஒரு காலைப் பொழுது போதும். ஒவ்வொரு இடத்திலும் நின்று, அங்கே கிடைத்த பழைய படத்தையும் இன்றைக்கு அதே இடத்தில் நின்று எடுத்த படத்தையும் போடுங்கள். காலம் முன்னும் பின்னும் போகட்டும், பரவாயில்லை. வாசகன் காலடியில் இருக்கிற இடம் மாறாமல் இருந்தால் அவன் தொலைந்து போக மாட்டான்.

சுற்று முடிந்ததும் மேலே ஏறுங்கள். மலைமேல் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயில், ஏழாம் நூற்றாண்டு. அதன் தூணில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. நதிகளை விரும்புகிறவர் சிவன், கண்ணுக்கினிய காவிரியைப் பார்த்து அதன்மேலும் ஆசை வைத்துவிடுவாரோ என்று பயந்து, பார்வதி பிறந்த வீட்டை விட்டு வந்து இந்த மலையிலேயே குடியிருக்கிறாள், இந்தக் காவிரி பல்லவனுக்குப் பிரியமானவள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள் என்று போகிறது அந்தப் பாட்டு. மலைமேல் நின்று காவிரியைப் பார்த்து ஒருவன் எழுதியது. ஓவியமும் புகைப்படமும் வருவதற்கு ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இந்த ஊரை எழுத்தில் படம் பிடித்திருக்கிறான். கடைசிப் பக்கத்தில் அங்கிருந்து காவிரி தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துப் போட்டு, கீழே இதை எழுதுங்கள். எனக்காக.

சங்குச்சத்தம்:

எல்லோரும் நன்றாகச் சொல்கிறீர்கள். ஆனால் மலைக்கோட்டையைச் சுற்றியே நின்றுவிட்டால் திருச்சியில் பாதி வெளியே போய்விடும். கோட்டைவாசல் சாரிடம் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மதில் ஓரமாக நடந்தால் மதிலுக்கு உள்ளே இருந்தவர்கள் கதைதான் வரும்.

நான் பொன்மலை. அப்பா, தாத்தா இருவரும் ரயில்வே ஒர்க்ஷாப். நாகப்பட்டினத்தில் இருந்த பட்டறையை 1920-களின் கடைசியில் இங்கே கொண்டுவந்தார்கள். அதோடு ஒரு ஊரே வந்தது. குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சந்தை. காலையில் சங்கு ஊதினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு பற்றும். ஒர்க்ஷாப்பின் ஆர்மரி கேட்டுக்குள்ளே சைக்கிள்கள் வரிசையாகப் போகிற காட்சி இன்னும் என் கண்ணுக்குள்ளே இருக்கிறது, ஆனால் அதை எடுத்த படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. யாருக்கு அப்போது அதைப் படம் எடுக்கத் தோன்றும்? தினமும் நடக்கிறதுதானே.

எங்களிடம் இருப்பது குரூப் போட்டோ. ஒவ்வொரு ஷாப்பிலும் யாராவது ரிட்டயர் ஆனால் ஒரு குரூப் போட்டோ எடுப்பார்கள். நடுவில் மாலையோடு அவர், இரண்டு பக்கமும் அதிகாரிகள், பின்னால் மூன்று வரிசை ஆட்கள், தரையில் சின்னப் பையன்கள் சம்மணம் போட்டு. அட்டையில் கீழே பெயர் அச்சடித்திருப்பார்கள், ஆனால் உட்கார்ந்திருப்பவர்கள் பெயர் மட்டும்தான். நிற்கிறவர்கள் பெயர் இருக்காது. பொன்மலையில் கதவைத் தட்டினால் வீட்டுக்கு ஒன்று கிடைக்கும். தயவுசெய்து அவற்றை வாங்குங்கள், நின்றவர்களின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும். என் அப்பா இருந்தபோது ஒரு படத்தில் 22 பேரை விரல் வைத்துச் சொன்னார். எழுதி வைக்கலாம் என்று நினைத்தேன், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன். இப்போது அந்தப் படத்தில் எனக்கு நாலு பேரைத்தான் தெரியும்.

1946 செப்டம்பர் 5-ஐயும் விட்டுவிடாதீர்கள். வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் துப்பாக்கியால் சுட்டு ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் பொன்மலையில் அஞ்சலி நடக்கிறது. அன்றைய நிகழ்ச்சிக்குப் படம் கிடைக்கவில்லையென்றாலும் பரவாயில்லை, அஞ்சலி நடக்கிற திடலின் இன்றைய படத்தைப் போட்டு எழுதுங்கள். படம் கிடைத்த விஷயத்தை மட்டும் வரலாறு என்று வைத்தால், கேமரா வைத்திருந்தவன் வரலாறுதான் வரும்.

ஆல்பம்:

ஸ்கேன் பற்றி மட்டும் சுருக்கமாக. இனிமேல் கடையில் கொடுக்காதீர்கள். சாதாரண தட்டை ஸ்கேனர் ஒன்று போதும், அல்லது யாரிடமாவது இரவல் வாங்குங்கள். சின்னப் படங்களுக்கு 1200 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), போஸ்ட் கார்டு அளவுக்கு 600. தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். ஓரத்தை வெட்டாதீர்கள், அந்த வெள்ளை ஓரமும் அதன் வெட்டு அலையும் காலத்தைச் சொல்லும். பின்பக்கத்தையும் கட்டாயம் ஸ்கேன் செய்யுங்கள், ஒன்றுமே இல்லாததுபோல் தெரிந்தாலும். ஸ்டுடியோ முத்திரை மங்கலாக இருந்தால் ஸ்கேனில் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. பேனாவால் எதுவும் எழுத வேண்டாம். எழுதியே ஆக வேண்டுமென்றால் மென்மையான பென்சிலால் பின்பக்க ஓரத்தில், அழுத்தாமல். ஒட்டுகிற பிளாஸ்டிக் ஆல்பத்தில் மாட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், பக்கத்தோடு வைத்து ஸ்கேன் செய்துவிடுங்கள்.

பிறர் வீட்டுப் படத்தை வாங்கினால் அங்கேயே உட்கார்ந்து ஸ்கேன் செய்து அங்கேயே திருப்பிக் கொடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தருகிறேன் என்று சொல்லி வாங்காதீர்கள். ஒரே ஒரு படம் தொலைந்தால் அந்தத் தெருவில் அப்புறம் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள்.

பாலக்கரைப் பையன்:

இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. சங்குச்சத்தம் அண்ணே, நீங்கள் சொன்னது மனதில் தைத்துவிட்டது. டப்பாவில் ஒரு ரிட்டயர்மெண்ட் குரூப் போட்டோ இருக்கிறது, அதில் நிற்கிறவர்கள் 31 பேர். ஒரு பெயர்கூட இல்லை. அடுத்த ஞாயிறு சந்தை நாளில் அதை எடுத்துக்கொண்டு பொன்மலைக்கு வருகிறேன், நீங்களும் வந்தால் நன்றாக இருக்கும்.

ஆல்பம் சொன்னபடி நேற்று ராத்திரி வெள்ளப் படத்தை 1200-ல் ஸ்கேன் செய்தேன். பின்பக்கம் பென்சிலில் "வெள்ளம்" என்று மட்டும் இருக்கிறது, அப்பா கையெழுத்து இல்லை. படத்தைச் சொல்கிறேன். குறுகலான தெரு, இரண்டு பக்கமும் நாட்டு ஓட்டு வீடுகள், திண்ணை முழுகிவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் நம்மைப் பார்த்து நடந்து வருகிறார், வேட்டியை மடித்துக் கட்டியிருக்கிறார், தலைமேல் பாய் சுருட்டியது போல ஏதோ நீளமான சுருள், இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். பின்னால் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு. வலது பக்கச் சுவரில் சுண்ணாம்புமேல் ஏதோ வரைந்து அழிந்திருக்கிறது, இரண்டு இலை மாதிரி, ஒரு காம்பில். கோலமா விளம்பரமா தெரியவில்லை. எங்கள் பாட்டி 1924 காவிரி வெள்ளத்தைப் பற்றி நிறையச் சொல்லுவார், படகு கட்டிப் போனோம் என்று. அதனால் இது 1924 என்று நினைத்து அப்படியே தலைப்பும் எழுதிவிட்டேன்.

உறையூர்த்தறி:

1924 இல்லை தம்பி. தலைப்பை மாற்றுங்கள்.

அந்தச் சுவரில் இருப்பது கோலம் இல்லை, இரட்டை இலை. அந்தச் சின்னம் முதலில் வந்தது 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில். ஆக 1973-க்கு முன்னால் போகவே முடியாது. அதற்குப் பிறகு திருச்சிக்குள் வீட்டுக்குள்ளே இடுப்பளவு ஏறிய வெள்ளம் என்றால் 1977 நவம்பர். அந்த வருடம் ஜூனில் சட்டமன்றத் தேர்தல், சுவரெல்லாம் சின்னம் வரைந்திருந்தார்கள், நவம்பரில் அது பாதி அழிந்த நிலையில்தான் இருந்திருக்கும். நீங்கள் சொல்வதும் அதேதான்.

இன்னொன்று. அவர் தலையில் இருப்பது பாய் இல்லை. பாவு. தறியில் போடுவதற்குக் கஞ்சி போட்டுக் காயவைத்துச் சுருட்டிய நூல். எனக்கு அப்போது பதினோரு வயது, உறையூரில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு குழித்தறி. குழித்தறி என்றால் தரையில் குழி வெட்டி, அதில் காலை விட்டு உட்கார்ந்து மிதிப்பது. தண்ணீர் வந்தால் முதலில் நிரம்புவது அந்தக் குழிதான். சேறும் தண்ணீரும் கலந்து குழிக்குள் போய்விட்டால் அள்ளி இறைத்துக் காயவைக்கவே நாள்கணக்கில் ஆகும். தறிக் கட்டை ஊறி வளைந்துவிடும். பாவு நனைந்தால் கஞ்சி கரைந்து நூல் நூலோடு ஒட்டிக்கொள்ளும், அதை வைத்து ஒரு சேலைகூட நெய்ய முடியாது. அந்தப் பாவும் பெரும்பாலும் நம்முடையதாக இருக்காது. முதலாளி கொடுத்தது, அல்லது கடனில் வாங்கியது. அதனால் ராத்திரி தண்ணீர் ஏறுகிறது என்று கத்தல் கேட்டதும் எங்கள் அப்பா முதலில் பாவைத்தான் தூக்கினார். அரிசிப் பானையை அம்மா தூக்கினார். என்னைத் தங்கையைத் தூக்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

ஆக உங்கள் படத்தில் இருப்பவர் வெள்ளத்தில் வீட்டுச் சாமானைக் காப்பாற்றுகிறவர் இல்லை, அடுத்த மாதச் சோற்றைக் காப்பாற்றுகிறவர். தெரு உறையூர்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் திருச்சிக்குள் பாவைத் தலையில் தூக்கி ஓடக்கூடிய தெரு என்றால் எனக்கு உறையூர்தான் தோன்றுகிறது. உங்கள் அப்பாவுக்கு அங்கே யாராவது உண்டா?

ஸ்ரீரங்கவாசி:

இதற்குத்தான் இந்த இடத்தில் கேட்க வேண்டும் என்பது. சுவரைப் பார்க்கச் சொன்ன நானே இலையைக் கவனிக்கவில்லை.

பாலக்கரைப் பையன்:

ஐயா, உங்கள் பதிலை அம்மாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம்தான் சொன்னார், கேமரா வைத்திருந்த அப்பாவின் நண்பர் உறையூர்க்காரர் என்று. வெள்ளம் வடிந்து சில நாள் கழித்து அவர் குடும்பம் பாலக்கரையில் எங்கள் வீட்டில்தான் வந்து தங்கியிருந்ததாம், இரண்டு வாரம். அம்மா அப்போது கல்யாணமாகி வந்த புதிது, அத்தனை பேருக்கும் சமைத்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது என்கிறார். நண்பரின் பெயரை இங்கே போடவில்லை. அவர் பிள்ளைகளைத் தேடிக் கேட்டுவிட்டு, அவர்கள் சம்மதித்தால் புத்தகத்தில் படம் எடுத்தவர் என்று அவர் பெயர்தான் வரும்.

கோட்டைவாசல் சார், மதில் சுற்றை முதல் பகுதியாக வைத்துக்கொள்கிறோம், ஆனால் அங்கேயே முடிக்காமல் பாலக்கரை வழியாகப் பொன்மலைக்கும், இன்னொரு பக்கம் உறையூருக்கும் வழி பிரிகிற மாதிரி அடுக்கப் போகிறோம். காக்காப்பொன் சொன்ன இரண்டு பக்கமும் அதற்கு நடுவில் வரும், நெசவு செய்கிறவரின் ஓவியம் கிடைத்தால் உறையூர்ப் பகுதியின் தொடக்கத்தில்.

வெள்ளப் படத்துக்கு இப்போதைக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன், தப்பு இருந்தால் திருத்துங்கள்:

"உறையூராக இருக்கலாம், 1977 நவம்பர். வெள்ளத்தில் பாவைத் தலையில் சுமந்து வரும் நெசவாளர். பின்னால் குழந்தையோடு ஒரு பெண். வலப்பக்கச் சுவரில் அந்த ஆண்டுத் தேர்தலில் வரைந்த இரட்டை இலை. இருவர் பெயரும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

உறையூர்த்தறி:

திருத்தம் ஒன்றும் இல்லை. படத்தை எனக்கு அனுப்புங்கள் தம்பி, எங்கள் தெருவில் எண்பது வயதில் இரண்டு பேர் இருக்கிறார்கள். நாளைக்குக் காலையில் கொண்டுபோய்க் காட்டுகிறேன்.